நாற்பதாண்டு கழித்து வரும் வினை

மனிதர் செய்யும் செயலுக்கும் அதன் விளைவுக்கும் இடையே உள்ள தொடர்பே அறச் சிந்தனை அனைத்திற்கும் அடிப்படை. தீயைத் தொட்டவனைத் தீ உடனே சுடும். பிறனை அடித்தவன் அவன் படும் துன்பத்தைத் தன் கண்ணாலேயே காண்பான். செயலும் விளைவும் இவ்வாறு அருகருகே நிற்கும்பொழுது, குற்றம் இன்னாருடையது என்று கூறுதல் எளிது. ஆயின், இன்று செய்த ஒரு செயலின் விளைவு நாற்பது ஆண்டுகள் கழித்து, வேறோர் ஊரில், வேறொருவர் உடலில் தோன்றுமாயின், அதற்குப் பொறுப்பாளர் யார்? செய்தவர் இறந்திருக்கலாம், தொழிற்சாலை மூடப்பட்டிருக்கலாம், கணக்கேடுகள் அழிந்திருக்கலாம். காலம் கழிந்தமையால் பொறுப்பும் கழிந்துவிடுமா?

இது வெறும் கற்பனை வினா அன்று. நுரையீரலைச் சூழ்ந்துள்ள மெல்லிய உறையில் தோன்றும் மீசோதெலியோமா என்னும் அரிய புற்றுநோய், இவ்வினாவை இருபதாம் நூற்றாண்டின் முன் வைத்தது. இருபத்தோராம் நூற்றாண்டும் அதற்கு முழுமையான விடையை இன்னும் தந்துவிடவில்லை. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 30,000 பேர் இந்நோய்க்கு ஆளாகின்றனர். மற்றப் புற்றுநோய்களோடு ஒப்பிட்டால் இது சிறிய எண்ணே. ஆயினும், இந்நோயின் காரணம் போலத் தெளிவாக அறியப்பட்ட காரணம் வேறு பல புற்றுநோய்களுக்கு இல்லை. அக்காரணம் கல்நார்.

கல்நாரின் இயல்பு

ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கனிமத்திற்குத் தமிழில் வழங்கும் பெயர் கல்நார் என்பது. கல்லாயிருந்தும் நாராகப் பிரியும் அதன் தன்மையை அப்பெயர் நன்கு காட்டுகின்றது. பூமியிலிருந்து வெட்டியெடுக்கப்படும் இக்கல்லை நூலாக நூற்கலாம்; துணியாக நெய்யலாம்; சிமெண்டுடன் கலந்து தகடாக வார்க்கலாம். நெருப்பு இதனை எரிப்பதில்லை. நீர் இதனை மக்கச் செய்வதில்லை. அதன் சில வகைகளை அமிலங்களும் எளிதில் அரிப்பதில்லை. அணைக்க முடியாதது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லே ஆஸ்பெஸ்டாஸ் என்றாயிற்று.

இத்தகைய பொருளைத் தொழில் உலகம் வரவேற்றதில் வியப்பில்லை. நீராவிக் கொதிகலன்கள், கப்பல்கள், இரயில் பெட்டிகள், மோட்டார் வண்டிகளின் பிரேக் பட்டைகள், தண்ணீர்க் குழாய்கள், கூரைத் தகடுகள் என அது நுழையாத இடம் அரிது. வெள்ளை, நீலம், பழுப்பு ஆகிய மூவகைக் கல்நாரே பெரும்பாலும் வாணிகத்திற்கு வந்தன. விலை மலிவு என்பதனால் ஏழையின் வீட்டுக்கும் அது கூரையாயிற்று. ஓலைக் கூரையின் கீழ் மழைக்கும் தீக்கும் அஞ்சி வாழ்ந்தோர்க்கு அந்தச் சாம்பல் நிறத் தகடு ஒரு வரமாகவே தோன்றியிருக்கும்.

ஆயின், கல்நாரின் பெருமையே அதன் கொடுமையுமாகும். அறுக்கும்பொழுதும் உடைக்கும்பொழுதும் அது கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய இழைகளாகப் பிரிந்து காற்றில் மிதக்கின்றது. மூச்சோடு உட்செல்லும் அவ்விழைகளுள் சில நுரையீரலின் அடிவரை சென்று தங்குகின்றன. அயற்பொருளை விழுங்கி அழிக்கும் காவல் அணுக்கள் அவற்றைச் சூழ்கின்றன. ஆனால், நீண்ட இழைகளை விழுங்க அவற்றால் இயலுவதில்லை. தீயில் அழியாத பொருள் உடலிலும் எளிதில் அழிவதில்லை. தோல்வியுற்ற அப்போராட்டமே தீராத அழற்சியாக மாறிப் பல்லாண்டுகள் நீடிக்கின்றது. அணுக்களின் மரபுக்கூறுகள் சிறிது சிறிதாகப் பழுதுறுகின்றன. இவ்வாறு 20 முதல் 50 ஆண்டுகள் வரை ஓசையின்றிக் கழிகின்றன.

நோயின் போக்கு

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உள்ளன. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது. மற்றொன்று மார்புச் சுவரோடு ஒட்டியது. இரண்டிற்கும் இடையே உள்ள சிறிதளவு நீர், ஒவ்வொரு மூச்சின்போதும் அவை உராயாமல் வழுக்கிச் செல்ல உதவுகின்றது. மீசோதெலியோமா பெரும்பாலும் இவ்வுறையில் தோன்றுகின்றது. சிலருக்கு வயிற்று உறையிலும் தோன்றும். உறைகளுக்கிடையே நீர் மிகுதியாகச் சுரந்து தேங்குகின்றது. மூச்சுத் திணறல், மார்புவலி, உடல் மெலிவு ஆகியவை தொடர்கின்றன. தொடக்கத்தில் இவற்றை முதுமையின் தளர்ச்சி என்றோ சளித்தொல்லை என்றோ எண்ணிவிடுதல் இயல்பு. உறையின் திசுவை எடுத்து ஆராய்ந்த பின்னரே மருத்துவர் உறுதியாகக் கூற முடிகின்றது.

இந்நோய் நுரையீரலுக்குள் தோன்றும் புற்றுநோயினின்று வேறானது. புகைபிடித்தலும் கல்நார்த் தூசியும் சேர்ந்தால் நுரையீரற் புற்றுநோய் பன்மடங்கு பெருகும். மீசோதெலியோமாவுக்கோ புகைபிடித்தல் காரணமன்று. ஆகவே, நோயாளியின் பழக்கத்தின் மேல் பழிசுமத்த இங்கே இடமில்லை. புதிய மருந்துகள் வாழ்நாளை ஓரளவு நீட்டுகின்றன. 2020 ஆம் ஆண்டிலிருந்து உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளும் பயன்படுகின்றன. எனினும், நோய் கண்டறியப்பட்ட பின் ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டு என்னும் அளவிலேயே பலருடைய வாழ்வு முடிந்துவிடுகின்றது. இளமையில் சில மாதங்களே தூசியில் பணிபுரிந்து, பின்னர் அத்தொழிலையே மறந்துவிட்ட ஒருவர், பேரக்குழந்தைகளோடு மகிழ வேண்டிய காலத்தில் இந்நோயைச் சந்திக்கின்றார்.

யார், எப்பொழுது அறிந்தனர்?

பொறுப்பை ஆராயும் முன் அறிவை ஆராய்தல் வேண்டும். அறியாமற் செய்த பிழையும் அறிந்து செய்த பிழையும் ஒன்றல்ல.

1898 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்த லூசி டீன் அம்மையார், கல்நார்த் தூசியின் தீமையைத் தம் அறிக்கையில் குறித்தார். உருப்பெருக்கியின் வழியாகக் காண, அத்தூசி கண்ணாடித் துண்டுபோல் கூர்மையுடையதாயிருந்தது. அடுத்த ஆண்டு இலண்டன் மருத்துவமனை ஒன்றில், டாக்டர் மான்டேகு மர்ரே என்பார் கல்நார்த் தொழிலாளி ஒருவரைக் கண்டார். தம்மோடு ஒரே அறையில் பணிபுரிந்த பத்துப் பேருள் தாம் ஒருவரே எஞ்சியிருப்பதாக அத்தொழிலாளி கூறினார். பின்னர் அவரும் இறந்தார். 1906 ஆம் ஆண்டு அரசுக் குழுவின் முன் மர்ரே இதனைச் சான்றாக வைத்தார்.

1924 ஆம் ஆண்டு, ராச்டேல் நகரில் கல்நார் நூற்பாலையில் பணிபுரிந்த நெல்லி கெர்ஷா என்னும் பெண்மணி 33 ஆம் வயதில் இறந்தார். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த டாக்டர் குக், அதில் கல்நார்த் துகள்களைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார். நோயுற்றிருந்தபொழுது அப்பெண்மணி கேட்ட இழப்பீட்டை நிறுவனம் மறுத்துவிட்டது. 1930 ஆம் ஆண்டு மெரிவெதர், பிரைஸ் என்னும் இருவர் 363 தொழிலாளரை ஆராய்ந்து, நான்கில் ஒருவருக்குமேல் நுரையீரல் தழும்பேறியிருப்பதை வெளியிட்டனர். அடுத்த ஆண்டே அந்நாட்டில் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் பிறந்தன.

மீசோதெலியோமாவின் காரணம் வெளிப்பட்டது இதற்குப் பின்னரே. தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லி நகரில், காசநோய் என்று கருதிச் சிகிச்சை தரப்பட்டும் குணமடையாத சிலரை மருத்துவர்கள் கண்டனர். அவர்களை வருத்தியது நுரையீரல் உறையின் புற்றுநோய் என்பது புலனாயிற்று. வாக்னர், ஸ்லெக்ஸ், மார்ச்சண்ட் ஆகிய மூவரும் 1960 ஆம் ஆண்டு 33 நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்களுள் ஒருவர் நீங்கலாக ஏனையோர் நீலக் கல்நாரோடு தொடர்புடையவர்களாயிருந்தனர். அவர்களுள் பலர் சுரங்கத் தொழிலாளர் அல்லர். சிறுவயதில் சுரங்கங்களின் அருகே வாழ்ந்தவர்கள்! 1965 ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்த ஆய்வோ, தொழிலாளியின் தூசி படிந்த உடையைத் துவைத்த மனைவியும் இந்நோய்க்கு ஆளானதைக் காட்டிற்று.

ஆஸ்திரேலியாவின் விட்டனூம் என்னும் ஊரின் வரலாறு இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாதது. 1943 முதல் 1966 வரை அங்கு நடந்த நீலக் கல்நார்ச் சுரங்கத்திலும் ஆலையிலும் ஏறத்தாழ 7,000 பேர் பணிபுரிந்தனர். போருக்குப்பின் பிழைப்புத் தேடி ஐரோப்பாவினின்று வந்த ஏழைகள் அவர்களுள் பலர். 1948 ஆம் ஆண்டு அவ்வூரைக் கண்ட டாக்டர் எரிக் செயின்ட், இங்கே கொடிய நோய் பெருமளவில் விளையப் போகின்றது என்று அரசின் சுகாதாரத் துறைக்கு எழுதி எச்சரித்தார். அதன் பின்னும் 18 ஆண்டுகள் சுரங்கம் நடந்தது. கழிவு மண் ஊரின் தெருக்களிலும் பள்ளி விளையாட்டு இடத்திலும் பரப்பப்பட்டது. குழந்தைகள் அம்மண்ணில் விளையாடினர். 2007 ஆம் ஆண்டு அரசு அவ்வூரின் பெயரை ஊர்களின் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது.

நான்கு சமாதானங்கள்

இவ்வளவு நடந்தும் பொறுப்பை மறுப்போர் சில சமாதானங்கள் கூறுவதுண்டு. அவற்றை நடுநிலையோடு நோக்குதல் வேண்டும்.

முதலாவது, அக்காலத்தில் அறியோம் என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. 1960 இல் வெளிப்பட்ட உண்மையை 1910 இல் வாழ்ந்தவர் அறிந்திருக்க முடியாது. பின்னர் வந்த அறிவைக் கொண்டு முன்னோரை அளத்தல் நீதியன்று. ஆயின், தூசி கொல்லும் என்பது 1930 இலேயே தெரிந்துவிட்டது. அது எந்நோயால் கொல்லும் என்பது மட்டுமே பின்னர்த் தெரிந்தது. கூட்டத்தினுள் கல்லெறிபவன், அது யாருடைய தலையில் விழும் என்று அறியேன் எனக் கூறித் தப்ப முடியுமா? தீமை உண்டு என்று அறிந்தவுடனேயே தடுக்கும் கடமை பிறந்துவிடுகின்றது. தீமையின் முழுவடிவம் தெரியும்வரை அக்கடமை காத்திருப்பதில்லை.

இரண்டாவது, தொழிலாளர் விரும்பியே வந்தனர், கூலியும் பெற்றனர் என்பது. விருப்பம் என்பதற்கு அறிவு துணை வேண்டும். தூசியின் தன்மையை ஒருவரிடம் மறைத்துவிட்டு, அவர் தூசியை ஏற்றுக்கொண்டார் எனல் பொருந்தாது. பசியின் முன் நிற்பவனுடைய சம்மதமும் முழுச் சம்மதமாகாது. அவ்வாறே ஏற்றுக்கொண்டாலும், உடை துவைத்த மனைவி எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டாள்? விட்டனூமின் குழந்தை எந்தக் கூலியைப் பெற்றது?

மூன்றாவது, பயன் பெரிது என்பது. இதுவே வலுவுடைய வாதம். கல்நார் கப்பல்களையும் கட்டடங்களையும் தீயினின்று காத்தது. ஏழைக்கு மலிவான கூரை தந்தது. உடையாமல் இருக்கும் தகட்டின் கீழ் வாழ்வோர்க்கு இடர் குறைவு. அதனை வெட்டுவோர்க்கும் துளைப்போர்க்கும் உடைப்போர்க்குமே இடர் மிகுதி என்பதும் உண்மை. ஆயின், இவ்வுண்மையே வாதத்தின் குறையையும் காட்டுகின்றது. பயன் பலருக்கும் பகிரப்பட்டது. துன்பமோ சிலர்மேல் மட்டும் குவிந்தது. அச்சிலர் யாரென்று முன்னரே தெரியும். ஊருக்கெல்லாம் நிழல் தரும் மரத்திற்காக ஒரு குடும்பத்தின் கிணறு வற்றுமாயின், அக்குடும்பத்திற்கு நீர் தருதல் ஊரின் கடனாகும். பயன் பெரிது என்று கூறுபவர், அப்பயனுக்கு விலை கொடுத்தவரின் பக்கம் முதலில் நிற்றல் வேண்டும். பயனைக் காட்டி அவரை மறப்பது கணக்கில் செய்யும் மோசடியாகும்.

நான்காவது, குற்றம் பலருடையது என்பது. ஒரு தொழிலாளி தம் வாழ்நாளில் பல முதலாளிகளிடம் பணிபுரிந்திருப்பார். நோயை விளைத்த இழை யாருடைய தொழிற்சாலையில் உட்புகுந்தது என்று எந்த மருத்துவராலும் கூற முடியாது. ஒவ்வொருவரும், என்னுடையது என்று மெய்ப்பிக்க முடியுமா என்று வினவினால், எல்லாரும் தப்பிவிடுவர்; குற்றம் இருந்தும் குற்றவாளி இல்லாத விந்தை நேரும். இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் அமைந்த உச்ச நீதிமன்றம் 2002 ஆம் ஆண்டு பேர்சைல்டு வழக்கில் இச்சிக்கலைத் தீர்த்தது. கடமை தவறி இடரைப் பெருக்கியவர் ஒவ்வொருவரும் பொறுப்புடையவரே என்பது அத்தீர்ப்பின் சாரம். அறத்தின் நோக்கிலும் அது பொருத்தமான முடிவு. பல கைகள் சேர்ந்து செய்த தீமை, கைகள் பல என்பதனாலேயே தீமையாகாமற் போய்விடாது.

ஊழும் பொறுப்பும்

தமிழ் மரபில் இவ்விடத்தில் ஒரு சொல் குறுக்கிடுகின்றது, அது ஊழ். காரணம் புலப்படாத துன்பம் வரும்பொழுது விதி என்று கூறி மனம் தேறுவது நெடுநாளைய வழக்கம். துன்புற்றவர் தம் ஆறுதலுக்காக அவ்வாறு கூறுதல் குற்றமன்று. ஆனால், துன்பம் செய்தவருக்கு அச்சொல் மறைவிடமாகிவிடக் கூடாது. காரணம் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிதாயும், காலத்தால் நெடுந்தொலைவில் இருப்பதாயும் உள்ள மீசோதெலியோமா போன்ற நோயில் இந்த ஆபத்து மிகுதி. நாற்பது ஆண்டுக்கு முன் மூச்சில் கலந்த தூசியை யார் நினைவில் வைத்திருப்பர்? நினைவு அற்ற இடத்தில் மனிதர் செய்த வினையும் ஊழாகத் தோற்றமளிக்கின்றது.

செய்தவனே வினையின் பயனை நுகர்வான் என்பது பழைய நம்பிக்கை. கல்நாரின் வரலாறு இதனை மாற்றிக் காட்டுகின்றது. வினையை ஒருவர் விதைக்கின்றார். மற்றொருவர் உடலில் அது விளைகின்றது. ஆதலின், வினை தானே செய்தவனைத் தேடிச் செல்லும் என்று வாளாவிருத்தல் இயலாது. வினையையும் செய்தவரையும் மீண்டும் இணைக்கும் பணியை மனிதரே மேற்கொள்ள வேண்டும். சட்டமும் ஆய்வும் வரலாறும் அப்பணியின் கருவிகள். ஜெர்மானியத் தத்துவ அறிஞரான ஹான்ஸ் யோனாஸ் 1979 ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில், தொழில்நுட்பத்தால் மனிதனின் கை எவ்வளவு தொலைவு நீளுகின்றதோ அவ்வளவு தொலைவு அவன் பொறுப்பும் நீள வேண்டும் என்னும் கருத்தை ஆராய்ந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கது.

சிலப்பதிகாரத்துப் பாண்டியனின் முடிவு இங்கே ஒரு பாடமாகும். கோவலனைக் கொன்ற கை அவனுடையதன்று. பொய் சொன்னவன் பொற்கொல்லன், வெட்டியவன் காவலன். பொறுப்பை மறுக்க விரும்பியிருந்தால் அவனுக்குச் சமாதானங்கள் பல இருந்தன. ஆராயாது ஆணையிட்டது தன் குற்றம் என்பதை, கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறித்த அக்கணமே அவன் உணர்ந்தான். அறியாமையைக் காட்டி அவன் தப்ப முயலவில்லை. அவன் உயிர் துறந்ததை இங்கே உயர்த்திக் கூற வேண்டுவதில்லை. சான்று வெளிப்பட்டதும் மறுக்காமல் ஏற்ற நேர்மையே கருதத்தக்கது. கல்நார்த் தொழிலிலோ சான்று வெளிப்பட்ட பின்னும் பல பத்தாண்டுகள் மறுப்பே நிகழ்ந்தது.

இன்றைய கடமை

அறிவும் ஆற்றலும் ஒருங்கே அமைந்த இடத்தில்தான் பொறுப்பு முழுமையாகத் தங்குகின்றது. டாக்டர் செயின்டுக்கு அறிவு இருந்தது. சுரங்கத்தை மூடும் ஆற்றல் இல்லை. அவர் தம்மால் இயன்றதை, அதாவது எழுதி எச்சரித்தலை, செய்துவிட்டார். அக்கடிதத்தைப் பெற்றவருக்கு இரண்டும் இருந்தன. ஆகவே, கடிதம் சென்று சேர்ந்த நாளிலிருந்து பொறுப்பு இடம் மாறிவிட்டது எனலாம்.

இத்தெளிவோடு இன்றைய நிலையை நோக்குதல் வேண்டும். இங்கிலாந்து 1999 ஆம் ஆண்டிலும், ஆஸ்திரேலியா 2003 ஆம் ஆண்டின் இறுதியிலும், கனடா 2018 ஆம் ஆண்டிலும் கல்நாரை விலக்கின. சிங்கப்பூரில் 1980 ஆம் ஆண்டுகளின் இறுதியில் கட்டடங்களில் அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது. மலேசியாவில் 1986 ஆம் ஆண்டு கல்நார்ப் பணிகளுக்கான விதிகள் வகுக்கப்பட்டன. இந்தியாவிலோ வெள்ளைக் கல்நார் இறக்குமதியாகிக் கூரைத் தகடாக இன்றும் விற்பனையாகின்றது. தடை செய்த நாடுகளிலும் துன்பம் உடனே நின்றுவிடவில்லை. இங்கிலாந்தில் தடைக்குப் பின்னரும் நெடுங்காலம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 பேர் மீசோதெலியோமாவால் இறந்தனர். தொழிலிடத்துக் கல்நாரால் உலகில் ஆண்டுதோறும் 2,00,000 பேருக்குமேல் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது.

இந்நிலையில் நினைவைக் காத்தலே ஓர் அறமாகின்றது. இந்திய உச்ச நீதிமன்றம் 1995 ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பில், கல்நார்த் தொழிலாளியின் உடல்நலக் குறிப்பை, பணியில் சேர்ந்த நாளிலிருந்து குறைந்தது 40 ஆண்டுகளோ ஓய்வு பெற்ற பின் 15 ஆண்டுகளோ, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை பாதுகாக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நோய் நாற்பது ஆண்டு காத்திருக்குமாயின் ஏடும் நாற்பது ஆண்டு காத்திருக்க வேண்டும் என்னும் நீதி இதில் அடங்கியுள்ளது. நீதிமன்றங்கள் வழங்கிய கட்டளைகளுள் சிறியதாகத் தோன்றும் இதுவே, விளைவை வினையோடு மீண்டும் இணைக்கும் நூலாகும்.

பழைய பள்ளிகளிலும் குடியிருப்புகளிலும் கல்நார்த் தகடுகள் இன்னும் இருக்கலாம். அவற்றைக் கண்டு அஞ்சி ஓட வேண்டுவதில்லை. அறியாமல் அறுக்கவும், துளைக்கவும், உடைத்துத் துடைப்பத்தால் கூட்டவும் கூடாது என்பதை மாணவர் அறிதல் போதும். அகற்ற வேண்டுமாயின் பயிற்சி பெற்றவரைக் கொண்டே அகற்றுதல் வேண்டும். இதனைக் கற்பிக்கும் ஆசிரியர், அறிவியற் பாடம் ஒன்றை மட்டும் கற்பிப்பதில்லை. இன்று ஒரு மாணவன் தூசியைக் கிளப்பாமல் விடுவதனால் காக்கப்படும் உயிர் எது என்பதை அவன் ஒருநாளும் அறியப் போவதில்லை. நாற்பது ஆண்டு கழித்து நோயின்றி மூச்சுவிடும் அம்மனிதரும் அவனை அறியப் போவதில்லை. நன்றி கூற ஆள் இல்லாத அந்நன்மையை, அது கடமை என்பதனாலேயே செய்தல் வேண்டும்.